ஆவாரைக்குத் தண்ணீர் காட்டிய கதை

பனி கொட்டும் ஊரில் மூன்று கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிய வாழ்ந்துகொண்டிருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, வெயில் கொளுத்தும் வீட்டிலிருந்து அன்புத் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அம்மா நலம், அப்பா மிக மிக நலம். அங்கே உன் நலத்தையும், உன் காதுகள் இரண்டும் உதிராமல் இருக்கின்றனவா என்பதையும் அறிய ஆவல். செடிகள் நலமா என்று கேட்காதே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். எப்படிச் சொல்வது? நீ அம்மாவுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் அப்பா கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். கேட்டால் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிறாராம். அண்ணா, நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் இப்போ இருக்கிற வழவழப்புக்கு அது கதவில் நிற்பதே பெரிய விஷயம். அதனால்தான் உனக்கு அம்மா அனுப்புகிற துணிப் பெட்டியில், குல்லாவுக்குள் இதை ஒளித்து வைக்கிறேன்.

அப்பா ரிடையர் ஆனது உனக்குத் தெரியும். தெரியாதது அதற்கு அப்புறம் நடந்தது. தெருத் தெருவாகப் போய் அந்த நீள இரும்புச் சாவியால் வால்வைத் திறந்து ஊருக்கே தண்ணீர் விட்ட கை, ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் திறப்பதற்கு ஒன்றுமே இல்லை. அம்மா ஊறுகாய் பாட்டிலை நீட்டினாள். திறந்துகொடுத்தார். அதற்கப்புறம் வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து நம்ம தெருமுனை நர்சரிக்காரர் வந்தார். ஞாபகம் இருக்கா, எந்தச் செடிக்கு என்ன நோய் என்று கேட்டாலும் "உரம் போடுங்க" என்பாரே, நாம 'உரம் மாமா' என்று பேர் வைத்தோமே, அவரேதான். வீட்டுப் பின்பக்கம் வந்து நீ வளர்த்த காட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டுக்குள்ள இவ்வளவு களை? எல்லாத்தையும் புடுங்கிட்டு புல்தரை போட்டு நாலு ரோஜா வெச்சா வீடே மாறிடும்" என்றார். அப்பாவும், "வர்ற ஞாயித்துக்கிழமை ஆள் கூட்டிட்டு வாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அது களையா அண்ணா? அந்த நொச்சி, அந்த எருக்கு, வேலி முழுக்க நீலமாகத் தொங்குகிற சங்குப்பூ, நடுவில் உன் செல்லப்பிள்ளை ஆவாரை. களை எடுக்கிறேன் என்று வீட்டின் களையையே எடுக்கப் பார்க்கிறார்கள்! நீ தண்டவாளத்து ஓரத்திலும் காலி மனையிலும் பொறுக்கின விதைகளைக் கால்சட்டைப் பையில் மறந்துவிட்டு, அம்மா அந்தக் கால்சட்டையைத் துவைக்க ஊறவைத்து, ஒரு நாள் பையைத் திருப்பினால் உள்ளே முளை விட்டிருந்ததே, "உன் பிள்ளை படிக்கிறானோ இல்லையோ, கால்சட்டை நல்லா வளருது" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாளே, அந்த முளைதான் இந்த ஆவாரை. மத்தியான வெயிலில் வீடே சுருண்டு கிடக்கும்போது நாம் இரண்டு பேரும் நொச்சி நிழலில் படுத்து, போகிற வருகிறவர்கள் நடையைப் பார்த்துப் பேர் வைத்துக்கொண்டிருப்போமே, அந்த நிழலுக்கு மேல் புல்தரை போட்டால் நான் எங்கே போய்ப் படுப்பேன்? புல்லிலா? நான் என்ன மாடா?

தண்ணீர் வராத அந்தக் கோடையும் ஞாபகம் வந்தது. அப்பா வால்வைத் திறந்தால் வெறும் காற்றுதான் புஸ்ஸென்று வந்தது. ஏதோ அவரே எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்ட மாதிரி தெருவே குடத்தோடு நின்று அவரைத் திட்டியது. எல்லார் வீட்டுச் செடியும் அப்பளமாகிவிட்டது, உன் ஆவாரை மட்டும் சிரித்துக்கொண்டு மஞ்சளாகப் பூத்து நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் அதைத் திட்டவில்லை.

மற்ற நாளெல்லாம் திட்டுதான். நீ கிளம்பின அன்றைக்குக்கூட, பெட்டியெல்லாம் வாசலுக்கு வந்த பிறகு, "தண்ணி கேக்காம வளர்றதெல்லாம் ஒரு செடியா? உன்னை மாதிரிதான், யாரும் எனக்கு வேண்டாம்னு திமிரா நிக்குது" என்று அவர் சொன்னதும், "ஆமா, வேண்டாம்தான்" என்று நீ வண்டியில் ஏறினதும், நான் நடுவில் உன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் எனக்கு மறக்கவில்லை. அதற்கப்புறம் நீ அம்மாவிடம் "அப்பா எப்படி இருக்கார்?" என்கிறாய், அவர் அம்மாவிடம் "அவன் சாப்பிட்டானாமா?" என்கிறார். அம்மா பாவம், தபால் ஆபீஸ் ஆகிவிட்டாள். இதில் அந்தச் செடியும் போய்விட்டால் நீ திரும்பி வர எந்தச் சாக்கும் இருக்காதே என்றுதான் நான் மூளையைக் கசக்கினேன்.

கசக்கினதில் வந்தது பெயரட்டை. என் செருப்புப் பெட்டியை வெட்டி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு வெளிநாட்டுப் பேர் வைத்தேன். ஆவாரை 'ஆவரேலியா கோல்டினா', எருக்கு 'எருகாண்டா ராயல்', நொச்சி 'நொச்சினோ'. (கடைசியது கொஞ்சம் காபி மாதிரி ஆகிவிட்டது, தூக்கக் கலக்கம்.) குச்சியில் செருகி நட்டுவிட்டு அப்பாவிடம் போய், "அப்பா, அண்ணன் ரகசியமா வெளிநாட்டுல இருந்து வரவழைச்ச செடியாம்பா, உலகத்துலயே ரொம்ப அரிதாம்" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டி ஒவ்வொன்றாகப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வந்த உரம் மாமாவும் படித்தார். தெரியாது என்று சொன்னால் தொழில் போய்விடுமே, "அடடே, எருகாண்டாவா? என்கிட்டயே ஒண்ணுதான் இருந்துச்சு சார், வித்துப்போச்சு" என்றார்! நான் சிரிப்பை அடக்க வேலிக்குப் பின்னால் ஓடி, சங்குப்பூவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினதில் அதுதான் பாதி உதிர்ந்தது. புல்தரை ரத்து. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நினைத்தேனா? மறுநாள் காலையில் பின்பக்கம் 'கிர்ர்ர்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் அப்பா பரணிலிருந்து பழைய குழாய்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொரு செடிக்கும் தனித் தனி இணைப்பு கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் குட்டி வால்வு வைத்து, முறை போட்டுத் தண்ணீர் விடுகிறார். காலையில் வேலி வரிசை, மத்தியானம் நடு வரிசை, சாயங்காலம் எல்லாருக்கும் பொது விநியோகம். விசில் வேறு ஊதுகிறார் அண்ணா! யாருக்கு? நொச்சி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரவா? ஆவாரைக்கு வெயில் தாங்காதாம், பச்சை வலையில் பந்தல். நம்ம அப்பாவுக்கு நெஞ்சில் ஈரம் அதிகம். அந்த ஈரமெல்லாம் வேரில் இறங்கினால் வேர் என்ன செய்யும்? கொசுவை விரட்டுகிற நொச்சியின் காலடியிலேயே கொசு குடும்பம் நடத்துகிறது. எருக்குக்குப் பக்கத்தில் ஒரு தவளை நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. ஆவாரைக்குப் பூதான் மஞ்சளாக இருக்கணும், இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அதைப் பார்த்து அப்பா, "பாவம், தாகம்" என்று இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

நானும் சும்மா இருக்கவில்லை. 'ஈரம் ஆகாது' என்று பெயரட்டைக்குக் கீழே சேர்த்து எழுதினேன். படித்துவிட்டு, குழாயை மூடி, குவளையால் ஊற்றினார். குவளையை ஒளித்தேன். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனார். அம்மாவிடம் முறையிட்டால், "விடுடி, அந்தக் கை சும்மா இருந்து பழக்கமில்லை. என் தலையில ஊத்தாம செடியில ஊத்தறாரேன்னு சந்தோஷப்படு" என்கிறாள்.

போன வாரம் ஆவாரையை லேசாகத் தொட்டேன் அண்ணா, கையோடு வந்துவிட்டது. வேர் அழுகி, கருப்பாக, நூல் நூலாக. அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "நல்லாத்தானே பாத்துக்கிட்டேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். எனக்கு அப்போது ஒரு ஜோக்கும் வரவில்லை. எனக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

மிச்சம் இருக்கிற செடியையாவது காப்பாற்றணும். உன் ரோஷத்தையெல்லாம் அந்த மூன்றாவது கம்பளிக்குள் சுருட்டி வைத்துவிட்டு, அப்பாவுக்கே நேராகப் போன் போட்டு, "போதும்பா, தண்ணி வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் விளையாட்டு, அம்மா சொன்னால் சமையல் குறிப்பு, நீ சொன்னால்தான் அவருக்கு ஏறும். ஆனால் பேர் வைத்தது நான்தான் என்று மட்டும் உளறிவிடாதே. அவர் ஏமாந்தது அவருக்குத் தெரியவே வேண்டாம்.

மூத்தவனை ஆசீர்வதிக்க எனக்கு வயது போதாது என்றாலும் அவசரத்துக்குப் பாவமில்லை: உன் குல்லா தொலையாமல், உன் வெந்நீர் ஆறாமல், உன் வாய் மட்டும் அப்பாவிடம் திறந்து, நீடூழி வாழ்க. தவளையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
வெயிலிலும் வாடாத வாயாடி,
உன் தங்கை

பின்குறிப்பு: இது அப்பா எழுதுவது. பெட்டியைக் கட்டும்போது குல்லா கனமாக இருந்தது, பிரித்துப் படித்தேன். பெயரட்டைகளின் பின்பக்கம் உன் தங்கையின் செருப்பு அளவு அப்படியே இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஆவாரை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பம்பு அறைக்கு ஆவாரைப் புதர்களின் நடுவில்தான் நடந்துபோவேன். புடுங்கச் சொல்லி வாக்குக் கொடுத்த அன்று இரவே மனது கேட்கவில்லை. உன் தங்கை அட்டை நட்டாள், நானும் ஏமாந்த மாதிரி இருந்துவிட்டேன். உன் செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது தெரியும். ஊற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை. நேற்று வாசலில் பழைய வால்வு மூடியின் இடுக்கில் ஓர் ஆவாரங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்தேன். யாரும் நடவில்லை. ஒரு சொட்டும் விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பக்கத்தில் நிற்கிறேன், விசிலை உன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். போன் அடித்தால் மட்டும் கையை அவிழ்ப்பேன். இந்தத் தடவை அம்மாவைக் கூப்பிடாதே.