மாமனாருக்கு நான் அடித்த மணி

மருமகன்கள் பொதுவாக மாமனாரைச் சிறிது சிறிதாகத்தான் சாகடிப்பார்கள். நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், மைக் போட்டுச் சாகடித்தேன்.

மாமனார் ஊரான புன்னைக்காயலில் பூசை முடிந்ததும் மாதா கோவில் வளாகத்தில் இதய நோய்த் தடுப்பு முகாம். என் மனைவி செலின் நர்ஸ், பிரஷர் பார்த்தாள். நான் டவுனில் மில்லர்புரத்துக்காரன், துறைமுகத்துக் கிளியரிங் ஆபீஸில் கிளார்க், வந்தவர்களின் பெயரும் வயதும் சீட்டில் எழுதினேன். (காகிதத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது.)

செலினின் அப்பா சூசை மாமாவுக்குப் பட்டையைச் சுற்றிப் பார்த்தவள் முகம் வெளுத்துப் போனாள். இருநூறைத் தாண்டியிருந்தது. "அப்பா, இப்பவே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவணும். இங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் காருக்குப் போன் செய்வதற்குள் மாமா நழுவிவிட்டார்.

"ஏங்க, அவரைத் தேடுங்க! எங்கயாவது விழுந்துட்டா?"

அவள் குரல் நடுங்கியதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரைக் கூப்பிடத்தான் கோவில் மணி இருக்கிறதே! வேகமாக அடித்தால் மரியாதைக்குறைவு என்று நினைத்து, ஒவ்வொன்றாக, நிதானமாக அடித்தேன். பிறகு சீட்டைப் பார்த்து மைக்கில் வாசித்தேன்: "திரு. சூசை. வயது அறுபத்திரண்டு. குடும்பத்தார் உடனடியாகக் கோவிலுக்கு வரவும்."

மணியடிக்கும் கோயில்பிள்ளை தலையில் கை வைத்தபடி ஓடிவந்தார். "மாப்ளே, என்ன காரியம் பண்ணிட்டீரு! அது துக்கமணில்லா!"

அந்த ஊரில் யாராவது இறந்தால் அப்படித்தான் அடிப்பார்களாம். பெயரும் வயதும் அப்படித்தான் சொல்வார்களாம். மறுத்துச் சொல்ல மறுபடி மைக்கைப் பிடித்தேன்.

அதற்குள் அத்தை தலைவிரிகோலமாக, "என்னைய விட்டுட்டுப் போயிட்டியளே!" என்று அலறிக்கொண்டு வந்தார். பின்னால் பாதித் தெரு. அத்தைக்கும் நெஞ்சு வலித்தால்? தடுப்பு முகாமில் இரண்டு உயிர் போய்விடும் போலிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் பாதி வடையோடு மாமா வந்தார். (டீக்கடைப் பாட்டுச் சத்தத்தில் மணி மட்டும்தான் கேட்டதாம்.)

"ஏலே, யாருலே போனது?"

அவருடைய பங்காளி அந்தோணி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "நீருதாம்வே."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை வடையைப் பிடுங்கி எறிந்தார். அந்த அதிர்ச்சியில் மறுபேச்சில்லாமல் காரில் ஏறினார் மனுஷன். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர்.

இன்றுவரை மாமா மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. டாக்டருக்குப் பயந்தோ மகளுக்குப் பயந்தோ அல்ல. யார் கேட்டாலும் ஒரே காரணம்தான் சொல்வார்:

"அன்னைக்கு எனக்காவ தெருவே அழுதுச்சு. அந்தோணிப் பய மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. அவனுக்கு முன்னால நான் போவமாட்டேன்."