ஒட்டிய விரலும் ஓட்டை வாயும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீயும் குட்டியும் நலமா என்று கேட்கப் போன் போட்டால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய். அதனால்தான் தபால்தலை ஒட்டும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அன்று ஆஸ்பத்திரி அறையில் நான் பேசியதில் அறிவியல் பிழை ஒன்றுமில்லை, வினையே அதுதான். குட்டியின் இடது காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருப்பதைக் காட்டி உன் மாமியார், "ஏன் தம்பி இப்படி?" என்றார். "பயப்படாதீங்க அத்தை, நடக்க ஒரு தடையும் இல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, "சாக வேண்டியது சாகல, அவ்வளவுதான்" என்றேன். அத்தான் ஃப்ளாஸ்கைக் கீழே போட்டார். நான் சொன்னது குட்டியை அல்ல, விரல்களுக்கு நடுவே இருந்த உடல் செல்லை. கருவில் கால் முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும், பிறகு விரல்களுக்கு நடுவிலுள்ள செல்களுக்குச் சில புரதங்கள் தகவல் சொல்ல, அவற்றின் மரபணுக்கள் விழித்துக்கொள்ள, உள்ளேயே கத்தரிக்கோல் மாதிரிப் புரதங்கள் வேலையைத் தொடங்க, செல் தன்னைத்தானே நறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் விடைபெறும், விரல் பிரியும். எங்கள் ஆய்வகத்தில் புற்றுச்செல்லுக்கு மருந்து ஊற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்து, "செத்துடுச்சு!" என்று கத்தினால் எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தப் பழக்கம்.

அதோடு நிறுத்தினேனா? "பச்சப்புள்ளை பக்கத்துல என்ன பேச்சு இது!" என்று அத்தை அழ, ஆறுதல் சொல்வதாக நினைத்து, "இது மரபணு அத்தை, உங்க வழியிலதான் வந்திருக்கும், செருப்பைக் கழட்டுங்க பார்ப்போம்" என்றேன். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டதும், "பாத்தீங்களா, மறைக்கிறாங்க!" என்று வேறு. அப்போதுதான் நீ என் கையிலிருந்து குட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "வெளிய போடா" என்றாய். நீயும் அழுதுகொண்டிருந்தாய் என்பது படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவனை நான் சரியாகத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை அக்கா.

ஆனாலும் மரபணு அவர்கள் வழிதான். அதில் மாற்றமில்லை.

அத்தானுக்கு வணக்கம். அத்தைக்கு, வாங்கிக்கொள்வார் என்றால், மன்னிப்பு. குட்டிக்கு இரண்டு காலிலும் முத்தம்.

உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அம்மா போன் செய்தாள். "டேய், நீ பொறந்தப்ப உனக்கும் அதே காலு, அதே விரலுதாண்டா. ஆபரேஷன் பண்ணித்தான் பிரிச்சோம்" என்கிறாள். சைக்கிள் செயினில் மாட்டிய தழும்பு என்று நான் இத்தனை வருஷம் பெருமையடித்தது அதுதானாம். மரபணு நம் வழி. உன் காலில் வெளியே தெரியாமல் பதுங்கிவிட்டது. மேலே எழுதியதை அடித்துவிட்டு, இதை மட்டும் அத்தைக்குப் படித்துக்காட்டு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுகிறேன், அத்தை வேண்டுமட்டும் பார்க்கட்டும். நீ கதவை மட்டும் திற.