வேடியப்பனுக்குக் கட்டிய பட்டு வேட்டி

போட்டோ என்றால் ஜோடிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான். நான் பூக்கட்டுகிறவன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. எங்கள் ஊர் செங்கம் ரோட்டில் இருக்கிறது. ரோட்டோரம் வேடியப்பன் நிற்கிறார். எந்தக் காலத்திலோ சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல். எங்களுக்குச் சாமி. கையில் வில், தலைக்கு மேல் பழைய எழுத்து.

ரோட்டை அகலப்படுத்தக் கல்லைப் பிடுங்கப்போவதாகப் பேச்சு. பழைய கற்களை டிஜிட்டல் கேமராவில் பிடித்துக் கம்ப்யூட்டர் வழியாக இன்டர்நெட்டில் ஏற்றும் குழு ஒன்று திருவண்ணாமலையில் இருந்தது. "எழுத்தோட படம் இருந்தா, கல்லை எடுக்கக்கூடாதுன்னு கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாம். ஞாயித்துக்கிழமை வர்றோம், கல்லை ரெடியா வைங்க" என்றார்கள்.

அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். (யாரும் போட்டிக்கு வரவில்லை.)

உச்சி முதல் பாதம் வரை சந்தனக் காப்பு. வெள்ளிக் கண். ரோஜா மாலை. என் கல்யாணப் பட்டு வேட்டி. புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைகூட அப்படி இல்லை. (சொன்னது என் மனைவி பச்சையம்மா.)

கேமராவோடு இறங்கிய பெண் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணே, எழுத்து எங்க?"

"உள்ள இருக்குதும்மா. மூஞ்சியப் பாரு, இன்னா லட்சணம்!"

"எழுத்துதாண்ணே வேணும். நாளைக்கு மனு நாள்."

எழுத்து மேல் இருந்த சந்தனத்தை வழிக்கக் கை வைத்தேன். பூசாரி கத்தினார்.

"டேய் ஏழுமலை! காப்பு சாத்துனா பொழுது சாயற வரைக்கும் தொடக்கூடாதுடா!"

பொழுது சாய்ந்தால் படம் ஏது? ஊரே என்னைப் பார்த்தது. வேடியப்பனும் வெள்ளிக் கண்ணால் பார்த்தார்.

பச்சையம்மாதான் வாயைத் திறந்தாள். "அபிஷேகம் பண்ணலாமில்ல?"

பூசாரி தாடியைச் சொறிந்தார். "அதுக்கு ஏது தடை? பண்ணலாம்."

வீட்டுக்கு ஒரு குடம் வந்தது. கல்யாண வேட்டியோடு சேர்த்தே ஊற்றினார்கள். சந்தனம் ரோடு வரை ஓடியது. எழுத்தில் அடைத்திருந்ததை நான் விரலால் நோண்டினேன். எழுத்து எடுப்பாகத் தெரியப் பக்கவாட்டில் வெயில் வேண்டும் என்றாள் அந்தப் பெண். சலூன் கண்ணாடியைக் கழற்றி வந்து நானே பிடித்தேன். வரிவரியாய் எழுத்து எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

இன்று ரோடு வேடியப்பனைச் சுற்றி வளைந்துதான் போகிறது. அந்த வளைவில் பஸ் திரும்பும்போது நான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஒரே குறை. கண்ணாடி பிடித்த என் கையும் லுங்கியும் படத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டன. வீட்டுக்கு யார் வந்தாலும் பச்சையம்மா மருமகனிடம் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொல்லுவாள்.

"சாமிக்குப் பட்டு கட்டிட்டு, இவரு மட்டும் கிழிஞ்ச லுங்கியில ஒலகத்துக்கே காட்சி குடுக்குறாரு, பாருங்க!"