முதலை அண்ணையின் ஐந்தே முக்கால்

டென்மார்க்கில் ஒரு வேலையை இரண்டு நாள் தொடர்ந்து ஒரே நேரத்தில் செய்யாத ஒரே மனிதர் முதலை அண்ணைதான். இந்த நாட்டில் அது லேசான காரியமல்ல. துணி துவைக்கும் இயந்திரத்துக்கே கீழ்த்தளத்து நேரப் பலகையில் நம் பூட்டை மாட்டி முன்கூட்டியே நேரம் பிடிக்க வேண்டும். அண்ணை ஒருமுறை திங்கள் காலை பிடிப்பார், அடுத்தமுறை வியாழன் மத்தியானம். பல் விளக்கும் நேரத்தைக்கூட மாற்றுவார் என்று கேள்வி.

கோல்டிங்கில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிப்பது அவர் வேலை. மன்னாரில் ஒரு குளத்தோரம் பிறந்தவர்.

"முதலை ஆளைப் பாக்கிறதில்லை, தம்பி. நேரத்தைத்தான் பாக்கும். மூண்டு நாள் ஒரே நேரத்தில போனியெண்டால், நாலாம் நாள் அது உனக்கு முதல் வந்து நிக்கும்."

"இது டென்மார்க், அண்ணை."

"அது அதுக்குத் தெரியுமோ?"

குடியிருப்புக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் குளம் ஒன்று உண்டு. அதில் முதலை என்று அண்ணை இரண்டு முறை அலுவலகத்துக்கு முறையிட்டிருக்கிறார். முதலாவது, கார் டயர். இரண்டாவது, யாரோ எறிந்த கம்பளம். மூன்றாவது முறை வாய் திறந்தால் வேலை போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆவணியில் குளத்து வாத்துகள் ஒன்பதிலிருந்து ஆறாகின. பிறகு நான்கு. அந்த நான்கும் தண்ணீரில் இறங்காமல் நாள் முழுவதும் புல்லில் ஒட்டிக்கொண்டு நின்றன. சத்தமே போடவில்லை.

அண்ணை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்றாம் மாடியில் இருந்தவன் காலி செய்துவிட்டுப் போன வீட்டைக் கழுவினாராம். குளியல் தொட்டியின் அடியெல்லாம் நீள நீளமாகக் கீறல்.

"பூனையா இருக்கும்," என்றேன்.

"பூனையை ஆர் தண்ணிக்குள்ள வளக்கிறது?" என்றவர் அம்மாவிடம் திரும்பினார். "தங்கச்சி, ஒவ்வொரு நாளும் அஞ்சே முக்காலுக்கு அந்தக் குளத்துப் பலகைப் பாலத்தாலதானே போறீங்கள்? நேரத்தை மாத்துங்கோ."

அம்மா மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். "பஸ் ஆறு மணிக்குத்தானே வருது, அண்ணை. சுத்திப் போனால் விட்டிடும். பஸ்காரனிட்டயும் ஒருக்காச் சொல்லுங்கோவன்," என்று சிரித்தாள்.

அண்ணை சிரிக்கவில்லை. தன் பெயரில் போனால் வேலை போகும் என்று, அலுவலகத்துக்கு டேனிஷில் என் பெயரில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். குடியிருப்பில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதுபவனும் நான்தான். அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். 'முதலை' என்று எழுத விரல் வரவில்லை. கீழே என் பெயர் அல்லவா இருக்கும். 'வாத்துகள் குறைகின்றன, நரியாக இருக்கலாம்' என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. குளத்தருகே உணவு போடக்கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை நட்டார்கள்.

மூன்று வாரம் கழிந்தது. ஒரு காலை அம்மா சாப்பாட்டுப் பெட்டியை மறந்து போய்விட்டாள். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். குளத்தின் மேல் வெள்ளையாகப் பனிப்புகார் கிடந்தது. அம்மா பாலத்தில் கால் வைத்துவிட்டாள். தூரத்து மூலையில் யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. முதலை அண்ணை. உணவு போடாதீர் என்ற பலகைக்குக் கீழே இருந்து, பச்சைக் கோழிக்கால்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் அசையவில்லை. கோழிக்கால் மட்டும் இல்லாமல் போனது. அந்த இடத்தில் இரண்டு கண்கள் இருந்தன.

"ஓடாதை, தம்பி," என்றார் திரும்பாமல். "அம்மா தாண்டட்டும்."

அம்மாவின் சப்பாத்துக் காலடிச் சத்தம் பலகை பலகையாகப் போனது. எத்தனை பலகை என்று இப்போதும் எனக்குத் தெரியும். பதினெட்டு. பஸ் வந்து போன பிறகே மூச்சு விட்டேன்.

"எத்தனை நாளா, அண்ணை?"

"மூண்டு கிழமை. அஞ்சே முக்காலுக்கு இந்த மூலைக்கு வரப் பழக்கி வைச்சிருக்கிறன். உன்ர கடிதத்தைப் பாத்து ஆக்கள் வருமட்டும் சமாளிக்க வேணுமே."

பொலிசை அழைத்தேன். முதலை என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மத்தியானம் கயிற்றுத் தடியோடு வந்து பிடித்தார்கள். ஒன்றரை மீட்டர். அமெரிக்க வகையாம். மூன்றாம் மாடிக்காரன் தொட்டியில் வளர்த்துவிட்டு, போகும்போது குளத்தில் விட்டிருக்கிறான். கறுப்பு நாடாவால் வாய் சுற்றியிருந்தது. கண் மட்டும் அண்ணையையே பார்த்தது.

அன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன், கடிதத்தில் நரி என்று எழுதியதை.

"படிச்ச பிள்ளை," என்றார். "வெக்கப்பட்டிருப்பாய்."

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அம்மா அவருக்கு மீன் குழம்பு கொடுத்து விடுகிறாள். கொண்டுபோவது நான். ஒரு ஞாயிறு பதினொன்றுக்கு, ஒரு ஞாயிறு மூன்றுக்கு. ஒரே நேரத்தில் ஒருநாளும் போனதில்லை.