பந்தியில் பாதியில் எழுந்த அத்தானுக்கு

கோவில்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை.

பெருமதிப்பிற்குரிய அத்தான் பூவனலிங்கம் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் மைத்துனன் சௌந்தரபாண்டியன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உமாதேவியும் மகள் கற்பகமும் நலம். அங்கு தாங்களும், வேலுத்தாய் அக்காவும், காது குத்திக்கொண்ட பேரனும், அவனுடைய இரண்டு காதுகளும் நலமாயிருக்க கழுகுமலை முருகனை வேண்டுகிறேன். தூத்துக்குடியில் மழை உண்டா? இங்கே நல்ல மழை. கரிசல் காட்டுக்குள் செருப்போடு இறங்கியவர்கள் செருப்பில்லாமல் கரையேறுகிறார்கள்.

நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன். பேரன் காதுகுத்து விருந்தில் தாங்கள் பாயாசத்துக்குக் காத்திருந்த வேளையில் கழுகுமலை மண்டபத்துப் பெரிய டிவியில் என்ன ஓடியது என்பதை நான் திரும்ப எழுதப் போவதில்லை. தாங்களும் பார்த்தீர்கள், பந்தியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். கற்பகம் காலையில் இருந்து பிள்ளையைப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் பூச்சட்டம் போட்டு, போனை டிவியோடு இணைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய படம் வந்தபோது தாங்களே "நம்ம கற்பகத்துக்கு என்ன கெட்டிக்காரத்தனம்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னீர்கள். அடுத்த படம் வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும். துணிக்கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு பேருமே துணிக்கடைப் பக்கம் போகிறவர்கள் இல்லை. அதை அணைக்க யாருக்கும் தெரியவில்லை. நான் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினேன், சத்தம் கூடியது. கடைசியில் சமையல்காரர் வந்து மெயின் சுவிட்சையே இறக்கினார். டிவியும் நின்றது, மின்விசிறியும் நின்றது. அந்த அமைதியில் தாங்கள் இலையை மடித்துவிட்டு எழுந்து, "பிள்ளைய வளத்த லட்சணம் தெரியுது" என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போனீர்கள். பாயாசம் அப்போதுதான் வாளியில் வந்துகொண்டிருந்தது.

கோவில்பட்டி பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு வந்தோம். போனை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு என்னுடைய பழைய போனைக் கொடுத்தது பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது என்பதற்காக. இனி வீட்டுப்பாடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று போனைக் கடையில் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அது சும்மா இருந்ததா? கல்லாவுக்குள் இருந்து நாள் முழுக்க டிங் டிங் என்று சத்தம். அறிவியல் பாடம் வருகிறது, ஆங்கிலக் கட்டுரை வருகிறது, சேலை எடுக்க வந்த பெண்கள் எல்லாம் கல்லாவையே பார்க்கிறார்கள். ஒரு அம்மாள் உள்ளே என்ன வளர்க்கிறீர்கள் என்று கேட்டே விட்டார். இதற்குள் விருந்துக்கு வந்திருந்த யாரோ மூலமாகச் செய்தி கற்பகத்தின் வகுப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிள்ளை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகவில்லை. நான் டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றேன். உமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் நான் டாக்டர் பேச்சை எடுக்கவில்லை.

உமாவிடம்தான் அவள் வாயைத் திறந்தாள். "நான் ஒண்ணையும் தேடலம்மா. அடுத்த படம் வரட்டும்னு தொட்டேன். அதுவா வந்துச்சு." இதை உமா என்னிடம் வந்து சொன்னபோது, எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்லும் என்று நான் அனுபவஸ்தன் மாதிரி சொன்னேன். உமா விவாதம் செய்யவில்லை. நேரே கடைக்கு வந்து, கல்லாவைத் திறக்கச் சொல்லி, அந்தப் போனை எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை பூச்சட்டம் போட்ட அந்தச் செயலி காசில்லாமல் கிடைப்பது. அதைத் திறந்து, பேரனுடைய படத்துக்கு மல்லிகைப்பூச் சட்டம் போட்டு, அடுத்தது என்பதைத் தொட்டாள். ரோஜாப்பூ வந்தது. மறுபடி தொட்டாள். தாமரை வந்தது. மறுபடி தொட்டாள். அத்தான், அதே ஆண், அதே பெண். விளம்பரம். நான் பதறிப்போய் என் துண்டை எடுத்து போனுக்குப் போர்த்தினேன். உமா அமைதியாகக் கேட்டாள்: "இப்பம் இதத் தேடுனது யாரு? நானா, நீங்களா?"

சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். பச்சைப்பிள்ளை படத்துக்குப் பூ வைக்கப்போன என் மகள் மேல் இவ்வளவு பேர் பழி போட்டோமே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "அப்பாவுக்கு இப்பம்தான் வெளங்குச்சு தாயி" என்றேன். அவள் அழுது முடிக்க நெடுநேரம் ஆயிற்று. வயிற்றுவலி மறுநாள் காலையில் போய்விட்டது. ஆனால் பள்ளிக்கூடம் போக மட்டும் மாட்டேன் என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன் அத்தான், இந்த விளம்பரக்காரனா நானா என்று பார்த்துவிடுவது.

மறுநாளே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் கடை வைத்திருக்கும் செல்வகணேஷிடம் போனேன். பிள்ளைகள் போனுக்குப் பூட்டுப் போடுகிற வழி இருக்கிறது, போட்டுவிட்டால் ஆகாத எதுவும் உள்ளே வராது, புதிதாக எதை இறக்கினாலும் பெற்றோருடைய போனுக்கு அனுமதி கேட்டு வரும் என்றான். போடு என்றேன். கடையில் கூட்டம். இரண்டு போனையும் மேசையில் வைத்தேன். பிறந்த தேதி கேட்டான், கற்பகத்தின் தேதியைச் சொன்னேன். பெயர் கேட்டான், என்னுடையதைத்தான் கேட்கிறான் என்று நினைத்து என் பெயரைச் சொன்னேன். பெற்றோர் நம்பர் கேட்டான், உமா நம்பரைக் கொடுத்தேன். வேலை முடிந்தது, வெற்றி வீரனாக வீடு திரும்பினேன். மறுநாள் கடையில் உட்கார்ந்து புதியம்புத்தூர் கொம்பையா அண்ணாச்சி அனுப்பிய நைட்டி டிசைன்களைப் பார்க்கலாம் என்று என் போனை எடுத்தால், பள்ளி நேரம், பிறகு வரவும் என்கிறது. அவர் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உன் வயதுக்கு ஏற்றதல்ல என்கிறது. இருபது வருஷமாக நைட்டி விற்கிறவனைப் பார்த்து.

கூட்ட நெரிசலில் செல்வகணேஷ் என் போனையே பிள்ளை போனாக்கிப் பூட்டியிருக்கிறான். அதே நேரத்தில் வீட்டில் உமாவின் போனுக்குச் செய்தி போயிருக்கிறது: தங்கள் குழந்தை சௌந்தரபாண்டியன் அனுமதி கேட்கிறார். உமா மறுத்துவிட்டாள். மறுபடி கேட்டேன். மறுபடி மறுத்தாள். இதற்கிடையில் கொம்பையா அண்ணாச்சி போன் செய்து, ஆர்டர் சொல்லுதீங்களா, துணிய வேற கடைக்கு வெட்டட்டுமா என்று கேட்டார். பொய் சொல்ல நேரமில்லை. வீட்டுக்காரி அனுமதி தந்தால்தான் பார்க்க முடியும் என்றேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எல்லா வீட்லயும் அப்படித்தான அண்ணாச்சி, கேட்டுட்டே சொல்லுங்க" என்றார்.

சிரிக்காதீர்கள் அத்தான். அந்த ஒரு நாளில் எனக்கு இரண்டு விஷயம் விளங்கிவிட்டது. ஒன்று, பூட்டு உண்மையிலேயே வேலை செய்கிறது. நைட்டியையே விடாதது வேறு எதை விடும்? இன்னொன்று, எதையும் பார்க்காதவனை, பார்க்கக் கூடாததைப் பார்க்க வந்தவன் மாதிரி நடத்தினால் எப்படி இருக்கும் என்பது. அதைக் கற்பகத்திடம் சொன்னேன். விருந்துக்குப் பிறகு அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். என் போனை வாங்கி, "ஏம்ப்பா, உங்களுக்குப் பதிமூணு வயசா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். பிறகு அவளும் உமாவும் வகுப்பு ஆசிரியை சந்தனமாரி டீச்சரை வீட்டுக்கு அழைத்து, மூன்று பேருமாக உட்கார்ந்து என்னைப் பெரியவனாக்கி, பிள்ளையைப் பிள்ளையாக்கி, அந்தப் பூச்சட்டச் செயலியை அழித்து எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். டீச்சர் கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அண்ணாச்சி வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். கற்பகமும் வருவதாகச் சொன்னாள்.

கூட்டத்துக்குப் போனேன். பேச வேண்டியதை எல்லாம் எழுதி வைத்திருந்தேன், கண்ணாடியை மறந்துவிட்டேன். நான் எழுந்து நிற்பதற்குள்ளேயே முன்வரிசையில் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, ஊரில் நல்ல செல்வாக்கு, பொம்பளைப் பிள்ளைகளுக்குப் போனே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கழுகுமலையில் நடந்த மாதிரிதான் நடக்கும் என்று எங்களைப் பார்க்காமல் எங்களைப் பற்றிப் பேசினார். பத்துப் பதினைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. கற்பகம் எழுந்து நிற்கிறாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"அந்தப் படத்தப் பாத்து நான் பயப்படல. அப்பா நம்ப மாட்டாங்களேன்னுதான் பயந்தேன். எங்க கிளாஸ்ல நெறைய பேருக்கு இது மாதிரி வந்திருக்கு. சொன்னா போனப் பிடுங்கிருவீங்க, அடிப்பீங்கன்னு யாரும் வீட்ல சொல்லுறதில்ல."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, எனக்கும் வந்தது என்றாள். இன்னொரு பையன் கிரிக்கெட் விளையாட்டுக்குள்ளே வந்தது என்றான். அப்புறம் நாலைந்து கைகள் உயர்ந்தன. பெற்றோர்கள் தங்கள் பிள்ளை கை தூக்குகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்போதும் முதலாளி விடவில்லை. நல்ல வீட்டுப் போனில் நல்லதுதான் வரும் என்றார். எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை அத்தான், முருகன்தான் கொடுத்திருக்க வேண்டும். நான் எழுந்து, சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டி, சரிதான், இங்கே இருக்கிற பெரியவர்கள் யாராவது ஒருவர் உங்கள் போனை இந்தத் திரையில் இணைத்து ஓடவிடத் தயாரா என்று கேட்டேன். அந்தக் காட்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கை கூட மேலே வரவில்லை. எல்லாக் கையும் கீழே போய் அவரவர் சட்டைப்பையையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டது. முதலாளி போனை எடுத்து வேட்டி மடிப்பில் சொருகி, அதன் மேல் துண்டையும் போட்டுக்கொண்டார். அவர் மனைவி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். பிள்ளைகள் போனுக்குப் பூட்டுப் போடுவது, தெரியாத செயலி எதையும் பெரியவர்களைக் கேட்காமல் இறக்காமல் இருப்பது, போன் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆகாதது ஏதாவது வந்துவிட்டது என்று பிள்ளை வந்து சொன்னால் அடிப்பதில்லை, திட்டுவதில்லை, போனைப் பிடுங்குவதில்லை. இந்தக் கடைசி விதி கற்பகம் சொன்னது, டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கற்பகம் யாரும் எழுப்பாமல் எழுந்து, தலை சீவி, நேரத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போனாள். இப்போது கடையில் சேலை வாங்குவோரைவிட போனைத் தூக்கிக்கொண்டு வருவோர்தான் அதிகம். கோவில்பட்டியில் என்னைப் பூட்டு அண்ணாச்சி என்கிறார்கள். சாயங்காலம் கற்பகம் கடைக்கு வந்து வரிசையாகப் பூட்டுப் போட்டுக் கொடுக்கிறாள். முதலாளி வீட்டம்மாள் இரண்டு போன் கொண்டுவந்தார். ஒன்று பிள்ளையுடையது. இன்னொன்று யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே அத்தான், வருகிற கார்த்திகையில் பசுவந்தனை ரோட்டில் கட்டியிருக்கும் எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறோம். தாங்கள் அக்காவோடு அவசியம் வர வேண்டும். முதல் பந்தியில் முதல் இலை தங்களுக்கு. என் மகள் மேல் தங்களுக்கு இருக்கும் வருத்தத்தை இந்தக் கடிதம் துடைத்துவிடும் என்று நம்புகிறேன். அவள் எதையும் தேடிப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்த நாம்தான். தாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை நல்லவிதமாகப் பேசினால் போதும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரனுக்கு என் முத்தங்கள், காதை மட்டும் விட்டுவிட்டு. எல்லாரும் நோய் நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்
சௌந்தரபாண்டியன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உமாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாங்கள் போன வாரமே அக்கா போனில் இருந்து கற்பகத்தைக் கூப்பிட்டு, "மாமா அவசரப்பட்டுட்டேன் தாயி" என்று சொன்னதாகவும், இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசியதாகவும், தங்கள் போனுக்கும் எப்படிப் பூட்டுப் போடுவது என்று அவள் சொல்லச் சொல்லத் தாங்களே போட்டுக்கொண்டதாகவும், பால் காய்ச்சுக்கு முந்தைய நாளே வந்து தங்குவதாக ஏற்பாடு என்றும் சொல்கிறாள். இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரொம்ப சந்தோசமா எழுதிக்கிட்டு இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்" என்கிறாள். எனவே மேற்படி கடிதத்தைத் தாங்கள் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஸ்டாம்பு ஒட்டிவிட்டேன், அனுப்புகிறேன். முந்தின நாள் வரும்போது பாயாசத்துக்கு சேமியாவா, ஜவ்வரிசியா என்று மட்டும் தெரிவிக்கவும்.