ஊசி டீச்சரும் தறியில் ஏறிய அட்டையும்

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அம்மை வராததற்குக் காரணம் மருந்து இல்லை. நோய்க்கே ஊசி டீச்சரைக் கண்டால் பயம்.

அவர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியை. போன வருஷம்தான் ஆரணியிலிருந்து கலசப்பாக்கத்துக்கு மாற்றலாகிப் போனார். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பிள்ளையைச் சேர்க்கப் போனால், பெயருக்கு முன்னால் தடுப்பூசி அட்டையைக் கேட்பார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன மாப்பிள்ளையிடமும் கேட்டார்.

பாடமும் அப்படித்தான். புத்தகத்தில் பிள்ளைகள் பார்த்திராத ரயில் கணக்கு வந்தால் மூடி வைத்துவிடுவார். களம்பூர் அரிசி லாரியை மறித்து, பிள்ளைகளை மூட்டை எண்ணச் சொல்வார்.

"ஜல்தி விடும்மா, பேஜார் பண்ணாத" என்பார் டிரைவர்.

"கூட்டல்தான் முடிஞ்சிருக்கு. கழித்தலுக்குப் பத்து மூட்டை இறக்குப்பா."

என் மகளைச் சேர்க்கப் போனது கடைசி நாள். அட்டை கேட்டார். வீட்டுக்கு ஓடிவந்து தேடினோம். இல்லை. என் மனைவி அண்ணாந்து, நான் சேலை நெய்யும் தறியைப் பார்த்தாள்.

"ஏங்க, மேல மஞ்சளா சுத்திகினு இருக்குதே, அது இன்னா?"

சேலைக் கரைக்கான டிசைன் அட்டைகள் தறிக்கு மேலே மாலையாகக் கோத்திருக்கும். ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. போன மாதம் அதில் மூன்று அட்டைகள் கிழிந்திருந்தன. கெட்டியாக, மஞ்சளாக எதுவோ கையில் கிடைத்தது. வெட்டி ஒட்டி, ஓட்டை குத்திவிட்டேன்.

போய்ச் சொன்னால் டீச்சர் நம்பவில்லை. வீட்டுக்கே வந்தார். ஸ்டூல் போட்டு ஏறினார்.

"மிதிங்க."

மிதித்தேன். அட்டை திரும்பியது.

"பொறந்தப்ப போட்டது இருக்கு. மிதிங்க. ஒன்றரை வயசு இருக்கு. மிதிங்க."

அவர் படித்து முடிப்பதற்குள் நாலு விரல் சேலை நெய்தாகிவிட்டது.

"அஞ்சு வயசு ஊசி எங்க?"

"அந்த எடத்துல மயில் கண்ணுக்கு ஓட்டை குத்திட்டேங்க."

"மயிலுக்குக் கண்ணு இருக்கட்டும். புள்ளைக்கு ஊசி போட்டீங்களா?"

"ஞாபகம் இல்லீங்க. இந்த ஒரு தபா விடுங்க டீச்சர். இன்னிக்கு விட்டா ஒரு வருஷம் போய்டும்."

இறங்கினார். ஸ்டூலை ஓரமாக வைத்தார்.

"முன்ன வேலை செஞ்ச ஊர்ல ஒரு புள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்துச்சி. வருகைப் பதிவேட்டுல அது பேரை நான்தான் அடிச்சேன். இன்னொரு தபா என்னால ஆவாதுங்க."

அவரே எங்களைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நர்ஸம்மாவின் பதிவேட்டில் அந்த ஊசி மட்டும் பாக்கி. போட்டார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் டீச்சர் விரலைப் பிடித்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தைப் பூட்டும் நேரத்தில் மகள் பெயர் ஏறியது.

"அப்பா படிப்பு?"

"மூணாவதோட நின்னுட்டேங்க."

"எந்த ஓட்டை எங்க வரணும்னு யார் கணக்குப் பண்றது?"

"நான்தாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "திங்கக்கிழமை பழைய அட்டைங்களை எடுத்துகினு வகுப்புக்கு வாங்க. புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

போனேன். தெரிந்ததைச் சொன்னேன். டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கேட்டார். நடுவில் கையைத் தூக்கி இரண்டு சந்தேகம் கேட்டார்.

அதுவரை எந்த டீச்சரும் என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை.