என் வீட்டு வாசலில் விழுந்த அளவு டேப்

ஊருக்கு நியாயம் கேட்கக் கிளம்புகிறவர்கள் முதலில் சொந்த வீட்டு வாசலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட வேண்டும். நான் பார்க்கவில்லை.

அப்போது பி.காம். முடித்திருந்தேன். (நிதியமைச்சர் பதவிதான் பாக்கி என்ற நினைப்பு.) தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் வீடு. வார்டுக் கூட்டத்தில் மைக் கிடைத்ததும் முழங்கினேன்.

"வீட்டு வரிக்கு ஒரே வீதம் வையுங்கள்! சலுகை கொடுக்கிற அதிகாரம் இருக்கிற வரை, வேண்டியவருக்கு ஒரு வரி, வேண்டாதவருக்கு ஒரு வரிதான். சீசனுக்கு ரூம் விடுகிற கட்டடமெல்லாம் குடியிருப்பு என்று பதிவாகியிருக்கிறதே, யார் தயவில்?"

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. கவுன்சிலர் முகம் சுருங்கியது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பூரிப்பு தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

வரி வசூலிக்கும் பில் கலெக்டர் எழுந்தார். "நல்லாச் சொன்ன தாயி. உங்க வீட்டுலயிருந்தே ஆரம்பிச்சிருவோம்."

கூட்டமே பின்னால் வந்தது. வாசலில் 'ரூம் வாடகைக்கு உண்டு' போர்டு சாரலில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தது. சத்தியமாக எனக்கு உறைத்ததே இல்லை. ஆனி பிறந்தால் முன்னறைகளை விட்டுவிட்டுப் பின்கட்டில் ஒடுங்கிக்கொள்வோம், அவ்வளவுதான். அது எப்படி லாட்ஜ் ஆகும்? (வரி குறைய, வெறும் குடியிருப்பு என்று பதிய வைத்துக் கொடுத்தது கவுன்சிலர் என்பதும் அன்றுதான் தெரிந்தது.)

அறைகளை அளக்க, டேப்பின் ஒரு முனையை என் கையிலேயே கொடுத்தார்கள்.

"ஏட்டி, இந்த ரூமு வாடகையிலதான் உன்னைப் படிக்க வச்சேன். அந்தப் படிப்பை வச்சே எனக்கு வரி போட வச்சிட்டியே!" என்றார் அப்பா. அவமானத்தில் அழுதேவிட்டேன்.

வரி ஏறியது. எங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே. ஒரு மாதம் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த சீசனில் கவுன்சிலர் அப்பாவுக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, மச்சான் குடும்பம் குளிக்க வருது. வழக்கம்போல அந்தப் பெரிய ரூம்..."

செய்த உதவிக்கு வருஷாவருஷம் எங்கள் பெரிய அறையில் அவர் சொந்தக்காரர்கள் ஓசியில் தங்குவார்கள். சீசன் முடியும் வரை காலி செய்யமாட்டார்கள்.

அப்பா வரி ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரூம் இருக்கு அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒரே வாடகைதான்."

அந்த ஓர் அறை வாடகையிலேயே ஏறின வரி அடைந்துவிட்டது. நான் சொன்னது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

ஆனால் கல்யாணமான பிறகு சீசனுக்குப் பிறந்த வீடு போனேன். அப்பா சாவியை நீட்டியபடி என் கணவரிடம் அட்வான்ஸ் கேட்டார்.

"மகளுக்குன்னு சலுகை கொடுத்தா கூட்டம் போட்டுப் பேசுவா மாப்ள!"

இன்றுவரை வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.